சிட்டுவின் ஞாபகம்

மார்ச் மாதத்தில் ஏதோ ஒரு நாளின் கடல் நீரேற்றத்தை அடித்துக்கொண்டிருந்த டெலிபிரிண்டர், எழுத்தின் பாதியில் கையைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டது. தலைக்கு மேலே மின்விசிறி மட்டும் இன்னும் விஷயம் தெரியாதது மாதிரி சுற்றிக்கொண்டிருந்து, பிறகு அதுவும் சோம்பி, கடைசியில் ஓய்ந்தது. சிட்டு என்கிற அந்தக் கம்ப்யூட்டரின் முகப்பில் இருந்த சின்ன விளக்குகள் அத்தனையும் அணைந்து போயின. போச்சு என்று அதைச் செய்த தில்லைநாயகிக்குத் தோன்றியது. தோன்றியதை முகத்தில் காட்டக்கூடாது என்றும் உடனே தோன்றியது. முகத்தில் காட்டாமல் இருக்க வேண்டுமென்றால் சிரிக்க வேண்டும், சிரித்தால் அசட்டுத்தனமாக இருக்கும், அதனால் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கிண்டி தொழிற்பேட்டை முழுக்க ஒரே மூச்சில் அமைதியாகிவிட்டது. பக்கத்துக் கொட்டகையில் லேத்து ஓடும் சத்தம் இல்லை, எதிரே பிளாஸ்டிக் வாளி செய்கிறவர்களின் கம்ப்ரஸர் இல்லை. இத்தனை நாளும் எங்கே இருந்தது என்று தெரியாத ஒரு காக்கை மட்டும் தகரக் கூரைமேல் நடக்கிற சத்தம் துல்லியமாகக் கேட்டது. "மதிய மின்வெட்டு," என்றார் கொட்டகை முதலாளி கோதண்டபாணி, ஏதோ தானே ஏற்பாடு செய்த விருந்து மாதிரி. "ஒண்ணும் கவலையில்ல, மச்சாது சார். அரை மணியில வந்துரும். மோர் சாப்பிடறீங்களா?"

லியோன் மச்சாது நாற்காலியில் அகலமாக உட்கார்ந்திருந்தார். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு சின்னத் துறையில் தோணி முதலாளிகள் சங்கத்துச் செயலாளர். நேற்று இரவு ரயிலேறி இதற்காகவே வந்தவர். துறை கடலோடு சேர்கிற பொழிமுகத்தில் ஒரு மணல்திட்டு இருக்கிறதாம். உப்பு மூட்டை ஏற்றிய தோணி அதைத் தாண்டி வெளியே போக வேண்டுமென்றால் நீர் ஏறியிருக்க வேண்டும். பெரிய துறைமுகத்துக்கு அச்சடித்து விற்கிற நீரேற்ற அட்டவணை அவர்கள் துறைக்குப் பொருந்துவதில்லை. முக்கால் மணி முந்தும், சில நாள் பிந்தும். போன மாசி மாதம் ஒரு தோணி திட்டில் ஏறி உட்கார்ந்து, உப்பெல்லாம் நனைந்து, ஆளைக் காப்பாற்றியதே பெரிய காரியம் என்று ஆகிவிட்டதாம். அதனால் தங்கள் துறையின் கணக்கைத் தாங்களே போட ஒரு இயந்திரம் வேண்டும், விலை குறைவாக. விலை குறைவு என்கிற சொல்லைக் கேட்டதும் கோதண்டபாணியின் முகம் விளக்கேற்றியது மாதிரி ஆனது. சிட்டுவை விட விலை குறைந்த கம்ப்யூட்டர் இந்த ஊரில் யாரும் செய்யவில்லை. செய்ய நினைத்தவர்கள்கூட இல்லை என்றுதான் தில்லைநாயகி நினைத்தாள். இது விற்கவில்லை என்றால் கொட்டகையைப் பூட்டிவிட்டு கோதண்டபாணி மைத்துனரின் பம்புசெட் கம்பெனிக்குப் போய்விடுவார், அதை அவரே போன வாரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவள் எங்கே போவாள்? ரேடியோ ரிப்பேர் கடைக்கா? பம்புசெட்டுக்குக் கூட்டல் தெரியாது.

கூட்டல் என்றதும் மனம் வழக்கம்போல அங்கே போய் நின்றுகொண்டது. மற்ற இயந்திரங்களில் பன்னிரண்டு இலக்கம் என்றால் பன்னிரண்டு கூட்டும் சுற்றுகள், எல்லாம் ஒரே சமயத்தில் கூட்டும். சிட்டுவில் ஒன்றே ஒன்று. பன்னிரண்டு இலக்கங்களும் வரிசையில் வந்து, ஒவ்வொன்றாக அந்த ஒரே சுற்றுக்குள் நுழைந்து, மிச்சத்தை அடுத்ததின் கையில் கொடுத்துவிட்டு வெளியே போக வேண்டும். அது அவள் சொன்ன யோசனை. நேரம் பல மடங்கு ஆகும் சார், ஆனால் சுற்றுகள் பதித்த அட்டைகள் பாதிக்குப் பாதி குறையும், என்று அவள் சொன்ன அன்று கோதண்டபாணி ஒரு வெள்ளைத் தாளில் பெரிய கோடு ஒன்று போட்டு எழுந்து வெளியே போய்விட்டார், கோபமா சந்தோஷமா என்று தெரியவில்லை, திரும்பி வரும்போது பஜ்ஜி வாங்கி வந்தார். வீட்டில் கணவன் சம்பந்தத்திடம் சொன்னபோது அவன் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் டிராயிங் நோட்டைத் திருத்திக்கொண்டே, "பன்னெண்டு பேர் வேலைய ஒண்ணு செய்யணுமா? அந்த ஒண்ணு பாவம், தில்லை," என்றான். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சமையல், பால், தண்ணி லாரி, ரேஷன், எல்லாம் வரிசையில் நின்று ஒவ்வொன்றாக என் வழியாகத்தானே போகிறது, என்னைப் பாவம் என்று நீங்கள் சொன்னதே இல்லையே என்று கேட்டாள். அன்றைக்கு அவன் பாத்திரம் தேய்த்தான். ஒரு டம்ளரை உடைத்தான். அந்த டம்ளர்... இல்லை, இப்போது டம்ளரை நினைக்கக்கூடாது. நினைக்க வேண்டியது வேறு. நினைக்க வேண்டியதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன், அதன்மேல் கால் வைக்க மாட்டேன் என்கிறேன், என்று அவளுக்கே தெரிந்தது.

கெப்பாசிட்டர். அதுதான். அது இந்தப் பெட்டிக்குள் இருக்கிறதா, இல்லையா. சிட்டுவின் ஞாபகம் என்பது கடுகளவு காந்த வளையங்கள், ஆயிரக்கணக்கில், முடியைப் போன்ற கம்பிகளில் கோர்த்தது. கரண்டு போனாலும் அந்த வளையங்களில் இருப்பது அழியாது. ஒரு வருடம் கழித்து வந்து கேட்டாலும் சொல்லும். ஆனால் அதில் ஒரு விபரீதம் உண்டு. ஒரு எண்ணைப் படிக்க வேண்டுமென்றால் அதை அழித்துத்தான் படிக்க முடியும். அழித்த கையோடு இயந்திரம் அதையே திரும்ப எழுதிவிடும், கண் சிமிட்டுவதற்குள் ஆயிரம் தரம் இதுதான் நடக்கிறது. அழித்ததற்கும் எழுதுவதற்கும் நடுவில் சரியாகக் கரண்டு போனால் அந்த ஒரு எண் போனது போனதுதான். அதற்காகத்தான் கத்திரிக்காய் பருமனில் அந்தக் கெப்பாசிட்டர். கரண்டு நின்ற பிறகும் கொஞ்சம் மூச்சைப் பிடித்து வைத்திருந்து, எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு அணைய விடும். அந்த அளவில் சந்தையில் கிடைத்தது ஒன்றே ஒன்று. நீலப் பெட்டி, சாம்பல் பெட்டி என்று இரண்டு சிட்டுகள், கெப்பாசிட்டர் ஒன்று. திங்கட்கிழமை சாம்பல் பெட்டியைச் சோதிக்க அதற்குள் போயிற்று. பிறகு இந்த நீலப் பெட்டிக்குத் திரும்பி வந்ததா? வந்தது. நான்தான் கையில் எடுத்து, அதன் கனத்தைப் பார்த்து, முந்தானையால் துடைத்து... முந்தானையால் ஏன் துடைப்பேன், கொட்டகையில் பஞ்சுத் துணி இருக்கிறதே? முந்தானையால் துடைத்தது சைதாப்பேட்டை மார்க்கெட்டில் கத்திரிக்காயை. கத்திரிக்காயைக் கையில் நிறுத்துப் பார்த்த கனம் அது. இல்லை, கத்திரிக்காய்க்கு இரண்டு திருகு முனைகள் ஏது? கட்டைவிரலில் திருகு முனை குத்திய ஞாபகம் இருக்கிறது. முள்ளுக் கத்திரிக்காய் என்றால் அதன் காம்பும் குத்தும். கடவுளே, படித்த படிப்பென்ன, ஒரு கெப்பாசிட்டருக்கும் கத்திரிக்காய்க்கும் வித்தியாசம் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேனே.

பின் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். நான்கு திருகு. திருப்புளி மேசைமேலேயே இருக்கிறது. அவள் அதைப் பார்த்ததைக் கோதண்டபாணி பார்த்துவிட்டார். மோர் டம்ளருக்குப் பின்னாலிருந்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். காலையில் வாசலிலேயே சொல்லியிருந்தார், விருந்தாளி முன்னால் மூடியைத் திறக்காதே, திறந்தால் ஏதோ கெட்டுப்போச்சு என்று அர்த்தம் என்று. கல்யாண வீட்டில் பெண்ணுக்குக் காய்ச்சல் என்று சொல்லாமல் மறைப்பது மாதிரி. இப்போது கேட்டால் அவர் சொல்வதும் நியாயம்தான், இன்னும் ஒன்றும் கெடவில்லையே, கெட்டிருக்குமா என்றுதானே பயம். பயம் கெடுதலாகிவிடுமா? மச்சாது மோரைக் குடித்து முடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, அணைந்து கிடந்த விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு, வெயிலில் வெந்த கழுத்து, ஆனால் கை மட்டும் மெலிந்து, ஒரு பாதிரியார் கை மாதிரி இருந்தது. "இப்பம் இதுக்கு என்ன ஆவும்?" என்று கேட்டார். "அடிச்சிட்டு இருந்ததுல்லா, அது எல்லாம் போச்சா? மறுபடி மொதல்ல இருந்தா?" கோதண்டபாணி முந்திக்கொண்டார். "போகவே போகாது சார்! விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிக்கும். இதுதான் சிட்டுவோட பெருமையே." மச்சாது அவரைப் பார்க்கவில்லை. தில்லைநாயகியைப் பார்த்தார். "எங்க ஊர்ல ஒரு நாளைக்கி ரெண்டு மட்டம் கரண்டு போவும்மா. காத்தடிச்சா மூணு நாளு. நான் ஒத்தையில இதுகூட கெடக்கணும். ரிப்பேருக்கு ஆளு மதுரைலருந்து வரணும். அதாம் கேக்கேன். போவாதா?"

போகாது என்று சொல்லிவிடலாம். பெரும்பாலும் போகாதுதான், நூற்றில் ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால்கூட அந்த ஒன்று இன்றைக்குத்தானா வரும்? ஆனால் அந்த மனிதரின் மணல்திட்டு அவள் கண்ணில் வந்து நின்றது. இதுவரை பார்த்தே இராத திட்டு. அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற ஒரு தோணி, நனைந்து கரைகிற உப்பு. தப்பான ஒரு எண்ணை நம்பி யாரோ பாயை விரிக்கிறார்கள். காகிதத்தில் வரிவரியாக அழகாக அடித்திருக்கும், அடித்திருப்பதை யார் சந்தேகப்படுவார்கள்? அவள் சந்தேகப்பட்டிருக்க மாட்டாள். அச்சில் வந்த எதையுமே அவள் சின்ன வயதில் சந்தேகப்பட்டதில்லை, பஞ்சாங்கத்தில் மழை என்று போட்டிருந்தால் குடை எடுத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனாள், வெயிலில் அதை விரித்துக்கொண்டு நடந்து மற்ற பெண்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், ஆனால் மடக்கவில்லை. கை திருப்புளியை எடுத்துவிட்டிருந்தது. எப்போது எடுத்தது? "ஒரு எண் போயிருக்கலாம் சார்," என்று தன் குரல் சொல்வது அவளுக்குக் கேட்டது. "போகாம இருக்க ஒரு சாமான் உள்ள இருக்கணும். இருக்கான்னு எனக்கு நிச்சயமா ஞாபகம் இல்ல. திறந்து பார்த்துச் சொல்றேன்." கோதண்டபாணி காலி டம்ளரை வாயில் வைத்து உறிஞ்சினார்.

நான்கு திருகில் மூன்று உடனே வந்தது. நாலாவது அடம் பிடித்தது, எப்போதும் ஒன்று அடம் பிடிக்கும். மச்சாது எழுந்து வந்து சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒரு டார்ச்சை எடுத்து அடித்தார். தகடு வந்தது. உள்ளே வரிசையாக அட்டைகள், இடைவெளி விட்டு விட்டு, ஆள் குறைந்த பஸ் மாதிரி. கீழ்மூலையில் கெப்பாசிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு துளை, ஒரு வளைந்த பட்டை, தூசி. தூசியில் வட்டமாக ஒரு தடம். இருந்து போயிருக்கிறது. அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, நிம்மதி. நான் வைத்தேன், வைத்த தடம் இருக்கிறது, கத்திரிக்காய் வேறு இது வேறு, எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. அப்புறம்தான் இப்போது அது இல்லையே என்பது உறைத்தது. "அது வந்து," என்றார் கோதண்டபாணி பின்னாலிருந்து, மிக மெதுவாக. "நேத்து சாயங்காலம் நான்தான் கழட்டினேன். சாம்பல் பெட்டில ஒரு தடவை பார்க்கலாமேன்னு. காலைல திருப்பி மாட்டணும்னு நெனச்சேன், தில்லை. நெனச்சேன்." காக்கை கூரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து போயிற்று.

இனி மறைக்க ஒன்றுமில்லை என்று ஆனதும் நாக்கு லேசாகிவிட்டது. அவள் சொன்னாள், எல்லாவற்றையும் சொன்னாள். வளையங்களை, அழித்துப் படிப்பதை, திரும்ப எழுதுவதை. மச்சாது குனிந்து டார்ச்சை ஒவ்வொரு அட்டையாக நகர்த்திக்கொண்டே கேட்டார். "இவ்வளவுதானா உள்ள? போன மாசம் பம்பாய்ல ஒண்ணு பாத்தேன், பீரோ பீரோவா இருந்துச்சி. தொறக்கவே மாட்டேன்னுட்டான்." இவ்வளவுதான் சார், கூட்டுவதற்கு ஒன்றே ஒன்று, அதனால் நிதானமாகத்தான் போடும் என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நிதானம் என்பதை விருந்தாளியிடம் சொல்லவே கூடாது என்பது கோதண்டபாணியின் இரண்டாவது கட்டளை. மச்சாதுவோ நிமிர்ந்து, "கடலு என்ன ஓடியா போவுது?" என்றார். "ஒரு ராத்திரி முழுக்க ஒரு மாசத்துக்குப் போட்டா போதும்லா. எனக்குப் பயம் உப்புக் காத்துதான். எங்க ஆபீஸ்ல சீலிங் ஃபேன் ரெக்கையே அரிச்சிப் போவும். அட்ட கொறச்சலா இருந்தா தொடைக்கவும் கொறச்சல்." உண்மைதானே. அட்டை குறைந்தால் இணைப்பு குறைகிறது, துரு பிடிக்க இடம் குறைகிறது, சூடு குறைகிறது. இத்தனை மாதமாகச் சிட்டுவின் ஏழ்மையை மறைக்கத்தானே சொற்களைத் தேடிக்கொண்டிருந்தோம், என்று நினைத்தபோது அவளுக்கு உள்ளங்காலிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அது வாய்க்கு வருவதற்குள் மின்விசிறி முனகியது. எதிரே கம்ப்ரஸர் இருமியது. கரண்டு வந்துவிட்டது.

சிட்டுவின் விளக்குகள் தாறுமாறாக எரிந்தன. இப்போது. இப்போதுதான். முகப்பில் பன்னிரண்டு சுவிட்ச் சாவிகள். அவற்றில் கணக்கு தொடங்குகிற இடத்தின் எண்ணைப் போட்டு, பொத்தானை அழுத்தினாள். விரல் வியர்த்திருந்தது, வழுக்கியது, மறுபடி அழுத்தினாள். விளக்குகள் ஓட ஆரம்பித்தன; ஓடின, ஓடின, ஒரு எண்ணின் பின்னால் ஒரு எண்ணாக, ஒற்றைக் கதவில் நுழைகிற கூட்டம்; சீக்கிரம் போங்களேன், இல்லை, மெதுவாகவே போங்கள், தள்ளிக்கொள்ளாதீர்கள். டெலிபிரிண்டர் தடதடவென்று ஒரு வரி அடித்தது. தேதி சரி. நேரம் சரி. நீரின் உயரம், நாற்பத்தெட்டு அடி. மச்சாது காகிதத்தைக் கிட்டே இழுத்துப் படித்தார். இன்னொரு தரம் படித்தார். "நாப்பத்தெட்டா?" என்றார். பிறகு அந்தப் பெரிய உடம்பு குலுங்க ஆரம்பித்தது. "யம்மா, இந்தத் தண்ணி வந்தா எங்க மாதா கோயில் மணிக்கூண்டுக்கு மேல தோணி போவும்! சாமியாரு ஜன்னல் வழியா ஏறிக்கிடலாம்!" அவர் சிரித்த சிரிப்பில் மோர் டம்ளர் உருண்டு விழுந்தது. கோதண்டபாணி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். தில்லைநாயகிக்கு மட்டும் எதுவும் கேட்கவில்லை. நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டு என்ன எண்? சரியான விடை ஒன்றரை அடிப் பக்கமாக இருக்க வேண்டும். ஒன்றரை, மூன்று, ஆறு, பன்னிரண்டு, இருபத்துநாலு, நாற்பத்தெட்டு. ஐந்து தடவை இரட்டித்திருக்கிறது. இல்லை, இரட்டிக்கவில்லை, ஐந்து தடவை பாதியாக்க வேண்டியதை ஒரு தடவைகூட ஆக்கவில்லை. பின்னம் வராமல் இருக்க எண்களை அவ்வளவு பெருக்கி வைத்துக் கணக்குப் போட்டு, கடைசியில் பாதி பாதியாகச் சுருக்குவாள். எத்தனை பாதி என்கிற எண்ணை ஒரு இடத்தில் எழுதி வைத்திருக்கிறாள். அந்த இடம் அவளுக்குத் தன் வீட்டு உப்புப் புட்டி மாதிரி தெரியும். இயந்திரத்தை நிறுத்தி, சாவிகளில் அந்த இடத்தைப் போட்டுப் பார்த்தாள். பன்னிரண்டு விளக்கும் இருட்டு. ஒன்றுமே இல்லை. படிக்க எடுத்தபோது கரண்டு போயிருக்கிறது, திரும்ப வைக்க நேரமில்லை, பாவம்.

"இதோ, போனது இதுதான் சார்," என்றாள். அழுகை வர வேண்டிய இடத்தில் ஏனோ சந்தோஷம் வந்தது, தொலைந்த கம்மல் மெத்தைக்கு அடியில் கிடைத்த மாதிரி. "அஞ்சுன்னு இருக்கணும். கணக்கைத் துளை போட்டு வச்ச நாடாவை மறுபடி ஓட்டினா தானா வந்துடும். ஓட்டாமலும் வைக்கலாம். நீங்களே வைங்க. நாலுக்கு இந்தச் சாவியும் ஒண்ணுக்கு அந்தச் சாவியும் மட்டும் மேல, மத்ததெல்லாம் கீழ." மச்சாது சிரிப்பை நிறுத்தி, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அந்த மெலிந்த விரலால் இரண்டு சாவிகளை மேலே தள்ளினார், கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுகிற கவனத்தோடு. அவள் காட்டிய பொத்தானை அழுத்தினார். முகப்பில் இரண்டு விளக்கு எரிந்தது. மறுபடி தொடக்கத்திலிருந்து ஓட்டினாள். எத்தனை நேரம் ஆயிற்றோ, கொஞ்ச நேரம்தான், அதற்குள் அவள் இது மட்டும்தான் போயிருக்கிறதா, வேறு எங்காவது இன்னொரு பள்ளம் இருக்கிறதா, கரண்டு போகிற கணத்தில் ஒரு எண்தானே கையில் இருக்கும், ஒன்றுதான், ஒன்றுதான் என்று தனக்குத் தானே சொல்லிச் சொல்லி உதடு காய்ந்துவிட்டது. டெலிபிரிண்டர் அடித்தது. ஒன்றரை அடி. அடுத்த நாள், ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலே. அதற்கடுத்த நாள். மச்சாது ஒவ்வொரு வரி வரும்போதும் தலையை ஆட்டினார், தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குள் வருவதுபோல.

கடைசி வரி வந்ததும் காகிதத்தைக் கிழித்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "இந்த மிஷின எடுத்துக்கிடுதேன், கோதண்டபாணி சார். அந்தக் கழட்டுன சாமான மாட்டி அனுப்புங்க. ரெண்டா மாட்டுனாலும் சரிதான்." கோதண்டபாணி எழுந்து அவர் கையைப் பிடித்தவர் விடவே இல்லை, இன்னும் கொஞ்சம் மோர் என்றார். மச்சாது வேண்டாம் என்று சிரித்துவிட்டு வாசல்வரை போய்த் திரும்பினார். "ஒண்ணு மட்டும். இத அங்கன கொண்டாந்து வச்சிச் சொல்லிக்குடுக்க இந்தம்மாதான் வரணும். எங்க வீட்டுக்காரி இருக்கா, மக இருக்கா, தங்க எடம் இருக்கு." கோதண்டபாணி கையைப் பிசைந்தார். "அவங்க குடும்பஸ்தி சார், வீட்ல கேட்டு, நாள் பார்த்து, மெதுவா..." தில்லைநாயகி ரேஷனை நினைக்கவில்லை, தண்ணி லாரியை நினைக்கவில்லை, சம்பந்தம் என்ன சொல்வான் என்று ஒரு நினைப்பு கிளம்பவேயில்லை. "வர்றேன்," என்றாள். தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவளுக்குத் தெரியாது. மச்சாது செருப்பை மாட்டிக்கொண்டே, "மணல்திட்டத் தாண்டி ஒரு மட்டம் தோணில கூட்டிட்டுப் போறேன். ஏறுவியளா?" என்று கேட்டார். "ஏறுவேன்," என்றாள். அவர் ஆட்டோ ஏறிப் போய், அது தொழிற்பேட்டை முனையில் திரும்பி மறைந்த பிறகுதான் தனக்கு நீச்சல் தெரியாதே என்ற நினைப்பு வந்தது.